டீசல் குடித்த ரப்பர்

அறிவரசனின் லேத் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எது வந்தாலும் முதலில் டீசலில் குளிக்க வேண்டும்.

மக்காச்சோளம் அடிக்கும் மிஷினின் பல்சக்கரம் வரும். டிராக்டரின் தண்டு வரும். போர்வெல் பம்பின் மூடி வரும். எல்லாம் சேறும் கிரீஸுமாகத்தான் வரும். தகரத் தட்டில் போட்டு, டீசல் ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அழுக்கு போனால்தான் அளவு எடுக்க முடியும்.

தேய்ப்பது அவர் மகள் அபிநயா தானாகவே எடுத்துக்கொண்ட வேலை. அவள் பெரம்பலூரில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அம்மா இறந்த பிறகு, பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவாள். அப்பா லேத்தில் நிற்பார். அவள் தட்டின் முன்னால் உட்காருவாள். இரண்டு பேரும் அதிகம் பேச மாட்டார்கள்.

ஒரு புதன்கிழமை மாலை அரியலூரிலிருந்து அண்ணாதுரை வந்தார். சிமென்ட் லாரிகள் வைத்திருப்பவர். அவருடைய குரல் அவருக்கு முன்னால் உள்ளே வந்தது.

"அறிவரசன் தம்பி! ஒரு வேலை இருக்கு. உங்களால முடியுமான்னு பாருங்க."

அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது.

"பழைய காரு ஒண்ணு வாங்கியிருக்கேன். இங்கிலாந்துல செஞ்சது. பந்தயக் காரு மாதிரி, ரெண்டே சீட்டு, மேல கூரை கிடையாது. என்னைவிட வயசு அதிகம். எஞ்சின் ஜோரா ஓடுது. ஹாரன் அடிக்குது. நிக்கத்தான் மாட்டேங்குது."

"நிக்காத வண்டியை எதுக்குண்ணே வாங்கினீங்க?" என்றார் அப்பா.

"அதையேதான் எங்க வூட்டம்மாவும் கேக்குறா."

அபிநயா சிரித்துவிட்டாள். அண்ணாதுரை அவள் பக்கம் திரும்பினார்.

"சிரி பாப்பா, சிரி. மீன்சுருட்டியில என் மச்சான் இருக்காரு, எங்க வூட்டம்மாவோட அண்ணன். அவரும் இப்படித்தான் சிரிக்கிறாரு. 'மாப்ள பழைய இரும்பு வாங்க ஆரம்பிச்சிட்டாரு'ன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. இந்தக் கார்ல அவர் தங்கச்சியை ஒக்கார வச்சுக்கிட்டுப் போயி, அவர் வூட்டு வாசல்ல நிறுத்தணும். நிறுத்தணும்னா பிரேக் வேணும்ல?"

பிரேக்குக்கான சாமான் இப்போது எங்கும் செய்யப்படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பார்த்திருக்கிறார். வந்தது வேறு வண்டியுடையது.

அப்பா டப்பாவைத் திறந்தார். உள்ளே துருப்பிடித்த நான்கு பிஸ்டன்கள். ஒரு சிலிண்டர். ஒரு ரூபாய்க் காசு அளவில், சின்னக் கிண்ணம் போல ஒரு கறுப்பு ரப்பர் கப். அடியில் இன்னும் மூன்று கப்புகள் துண்டு துண்டாக உடைந்து கிடந்தன.

"இது என்னப்பா?" என்று கேட்டாள் அபிநயா.

"பிரேக்கை மிதிச்சா உள்ள ஆயில் தள்ளும். ஆயில் இந்தக் கப்பைத் தள்ளும். கப்பு பிஸ்டனைத் தள்ளும். அப்பதான் சக்கரம் நிக்கும். கப்பு சரியில்லன்னா ஒண்ணுமே நடக்காது."

"அது ஒண்ணுதான் தம்பி முழுசா இருக்கு. மத்ததெல்லாம் தொட்டதும் ஒடஞ்சு போச்சு. அதான் மாதிரி. அதே மாதிரி செஞ்சு குடுங்க."

"மாதிரி இருந்தா செஞ்சுடலாம்ணே."

இது பட்டறையின் இன்னொரு வழக்கம். மாதிரி எப்படியோ அப்படியே செய்ய வேண்டும். ஒரு மயிரிழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மறுநாள் பள்ளியில் அபிநயா தன் தோழி வேணியிடம் சொன்னாள். "நாங்க லண்டன் காருக்குப் பிரேக் செய்யுறோம்."

"நாங்கன்னா?"

"அப்பாவும் நானும்."

"நீ என்ன செய்வ?"

அபிநயா ஒரு கணம் யோசித்தாள். "முக்கியமான வேலையெல்லாம் நான்தான்."

சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது.

அன்று மாலை அவள் பட்டறைக்கு வந்தபோது அப்பா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். "பாடாலூர்ல ஒரு மிஷின் நின்னு போச்சாம். போயிட்டு வந்துடறேன். பூட்டிட்டு வூட்டுக்குப் போயிடு, பாப்பா." வீடு பட்டறைக்குப் பின்னால்தான்.

அவர் போனதும் அபிநயா டப்பாவைத் திறந்தாள். பிஸ்டன்களை எடுத்து டீசல் தட்டில் போட்டாள். ரப்பர் கப்பைப் பார்த்தாள். அதிலும் கறுப்பாக அழுக்கு ஒட்டியிருந்தது. அதையும் போட்டாள். உடைந்த துண்டுகளைத் தொடவில்லை. உடைந்ததைக் கழுவி என்ன ஆகப் போகிறது?

பிரஷ்ஷை எடுப்பதற்குள் வேணி வாசலில் வந்து நின்றாள். கணக்கு வீட்டுப்பாடம் புரியவில்லையாம். இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தட்டு அப்படியே இருந்தது.

காலையில்தான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்தாள். துரு இளகியிருந்தது. தேய்த்ததும் பிஸ்டன்கள் பளிச்சென்று ஆயின. ரப்பர் கப் அதைவிட அழகாக இருந்தது. வறண்டு போயிருந்தது இப்போது மினுமினுவென்று, கன்னம் உப்பிய குழந்தை போல இருந்தது. துணியால் துடைத்து டப்பாவில் வைத்தாள்.

அப்பா பிஸ்டன்களைப் பார்த்தார். "கழுவிட்டியா?"

"ம்."

"நல்லது."

அவ்வளவுதான். ஆனால் அப்பா 'நல்லது' என்று சொல்வதே அபூர்வம். அபிநயா குதித்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

மாலையில் அப்பா வெர்னியர் அளவுகோலை வைத்து ரப்பர் கப்பை அளந்துகொண்டிருந்தார். அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு சிலிண்டரின் துளையை அளந்தார்.

"துளையைவிடக் கப்பு கொஞ்சம் பெருசாத்தான் இருக்கணும். அப்பதான் ஆயில் கசியாது. ஆனா இது ரொம்பப் பெருசா இருக்கே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

"அப்படின்னா?"

"தெரியல. வெள்ளைக்காரன் இப்படித்தான் வச்சிருப்பான் போல. மாதிரி எப்படியோ அப்படியே செஞ்சுடுவோம்."

அவர் இரும்பைக் கடைந்து ரப்பர் வார்க்கும் அச்சு செய்தார். பம்பு வாஷர் வார்க்கும் மணிமொழி அக்காவிடம் கொண்டு போனார். பிரேக் ஆயிலுக்கு ஒத்துவரும் ரப்பரை அக்கா திருச்சியிலிருந்து வரவழைத்து வார்த்துக் கொடுத்தார். புதுப் பிஸ்டன்களை அப்பாவே கடைந்தார். எல்லாம் மாதிரியைப் போலவே வந்திருந்தன.

அடுத்த வாரம் சனிக்கிழமை அப்பாவும் அபிநயாவும் பஸ் ஏறி அரியலூர் போனார்கள்.

அண்ணாதுரையின் வீட்டுக்குப் பக்கத்திலேயே லாரி ஷெட். நடுவில் அந்தக் கார் நின்றது. கரும்பச்சை நிறம். லாரிகளுக்கு நடுவில் அது எருமைக் கூட்டத்தில் புகுந்த தவளை போல இருந்தது. அபிநயாவுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

ஷெட்டின் மெக்கானிக் இளையபெருமாள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். லாரி டிரைவர்கள் டீ டம்ளர்களோடு கூடிவிட்டார்கள். அண்ணாதுரையின் மனைவி சாந்தா வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கப்புகள் சக்கரங்களின் சிலிண்டர்களுக்குள் போக மறுத்தன. அப்பா கட்டை விரலால் அழுத்தி அழுத்தி ஏற்றினார். நெற்றியில் வேர்வை வழிந்தது. ஒரு வழியாக நான்கும் ஏறின. பிரேக் ஆயில் ஊற்றினார்கள். குழாய்க்குள் சிக்கியிருந்த காற்றை எடுத்தார்கள்.

அண்ணாதுரை சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். விட்டார்.

"தள்ளுங்கடா, பாப்போம்!"

இரண்டு டிரைவர்கள் தள்ளினார்கள். கார் அசையவில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அசையவில்லை. பிரேக் பிடித்தது பிடித்தபடி இருந்தது. விடவே இல்லை.

"முன்னாடி நிக்க மாட்டேன்னுச்சு. இப்ப நகர மாட்டேங்குது" என்றார் ஒரு டிரைவர். எல்லோரும் சிரித்தார்கள்.

இளையபெருமாள் சிரிக்கவில்லை. அவர் சொன்னதுதான் சிரிப்பைவிட மோசமாக இருந்தது. "மக்காச்சோள மிஷின் பாக்குற ஆளுகிட்ட லண்டன் காரைக் குடுத்தா வேற எப்படி இருக்கும்?"

அப்பா நிமிரவில்லை. ஒரு கப்பை வெளியே எடுத்துப் பார்த்தார். ஓரம் மடங்கிக் கிழிந்திருந்தது.

"அளவு தப்பு" என்றார். "என் தப்புதாண்ணே."

அண்ணாதுரையின் பெரிய குரல் சின்னதாகிவிட்டது. "பரவால்ல தம்பி. விடுங்க. உள்ள வந்து கை கழுவுங்க."

இருவரும் வீட்டுப் பக்கம் போனார்கள். அபிநயா காரின் பக்கத்திலேயே நின்றாள். அப்பாவின் முதுகை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. எதையோ தூக்கிக்கொண்டு போவது போல வளைந்திருந்தது.

இளையபெருமாள் மற்றக் கப்புகளைக் கழற்ற ஆரம்பித்தார். ஒரு டிரைவர் உதவி செய்ய ஒரு துணியை நீட்டினார்.

"ஏய்! டீசல் துணியோட ரப்பர்கிட்ட வராத! எத்தனை வாட்டி சொல்றது?"

டிரைவர் பின்வாங்கினார். அபிநயா மெதுவாகக் கேட்டாள். "ஏன் மாமா? டீசல் பட்டா என்ன ஆகும்?"

"ரப்பர் டீசலைக் குடிச்சிடும், பாப்பா. குடிச்சு ஊதிப் பெருசாயிடும். அப்புறம் குப்பையிலதான் போடணும்."

"பிரேக் ஆயிலும் எண்ணெய்தானே மாமா?"

"அது வேற, இது வேற. பிரேக் ஆயில்ல வருஷக்கணக்கா கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. டீசல்ல ஒரு ராத்திரி கெடந்தா போதும்."

அபிநயாவின் காது இரண்டும் சுட்டன.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். அப்பா அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தார். பாதி வழியில்தான் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் சொன்னார்.

"இனிமே மக்காச்சோள மிஷினோட நிறுத்திக்கணும், பாப்பா. தெரியாத வேலைக்கு ஆசைப்படக் கூடாது."

சொல்லிவிடலாம் என்று அபிநயா வாயைத் திறந்தாள். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிரே சிமென்ட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு டிரைவரும் தன்னையே பார்ப்பது போல இருந்தது.

ஒருவேளை அந்த மாமா சொன்னது தப்பாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரே மாதிரி இரண்டு ரப்பர் பேண்டுகளை எடுத்தாள். ஒன்றை ஒரு மூடியில் போட்டு டீசல் ஊற்றினாள். இன்னொன்றைப் பக்கத்தில் சும்மா வைத்தாள். திங்கட்கிழமை காலை பார்த்தாள்.

சும்மா இருந்தது அப்படியே இருந்தது. டீசலில் கிடந்தது தடித்து, நீண்டு, மண்புழு போல நெளிந்துகொண்டு கிடந்தது.

அந்த மாமா சொன்னது தப்பில்லை.

பள்ளியில் வேணி ஓடி வந்தாள். "லண்டன் காரு என்னாச்சு? நின்னுச்சா?"

"நின்னுச்சு" என்றாள் அபிநயா.

பொய் இல்லை. நான்கு பேர் தள்ளியும் நகராமல் நின்றதுதானே. ஆனால் அதைச் சொன்ன பிறகு அவளால் வேணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் பிடிக்கவில்லை.

மாலையில் பட்டறைக்கு வந்தாள். அப்பா ஒரு பல்சக்கரத்தை அளந்துகொண்டிருந்தார். அவள் இரண்டு ரப்பர் பேண்டுகளையும் மேசையில் அவருக்கு முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

அபிநயா தடித்ததை விரலால் தொட்டாள். பிறகு டீசல் தட்டைக் காட்டினாள். பிறகு அந்த டப்பாவைக் காட்டினாள்.

அப்பா பல்சக்கரத்தைக் கீழே வைத்தார். டப்பாவைத் திறந்து மாதிரிக் கப்பை எடுத்தார். மூக்கருகே வைத்து முகர்ந்தார். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஒரு ராத்திரி முழுக்கவா?"

"மறந்துட்டேம்ப்பா." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. "அங்க எல்லாரும் சிரிச்சாங்க. நீங்க உங்க தப்புன்னு சொன்னீங்க. நான் சும்மா நின்னேன்."

"அப்ப உனக்குத் தெரியாதே."

"நீங்க கை கழுவப் போனப்பவே தெரிஞ்சிருச்சு. பஸ்ல சொல்லியிருக்கலாம். சொல்லல."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று அபிநயா காத்திருந்தாள்.

"ரப்பரை டீசல்ல போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். "உனக்குச் சொல்லி வைக்கணும்னு தோணல. நம்ம பட்டறைக்கு ரப்பரே வராதே." கப்பை மேசையில் வைத்தார். "ரொம்பப் பெருசா இருக்குன்னு எனக்கும் பட்டுச்சு. மாதிரியாச்சேன்னு விட்டுட்டேன். ஒரு வார்த்தை உன்கிட்ட கேட்டிருந்தா போதும்."

அவர் காதும் சிவந்திருந்தது. அபிநயா அதைப் பார்த்தாள். தனக்கு மட்டும்தான் அப்படி ஆகும் என்று அதுவரை நினைத்திருந்தாள்.

"இப்ப என்னப்பா செய்யுறது?"

"என்ன செய்யுறது? இருந்தது ஒரு மாதிரி. அதுவும் போச்சு."

அபிநயா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். "உடைஞ்சதை நான் கழுவலப்பா."

"என்னது?"

"இந்தத் துண்டெல்லாம். டீசலே படல. அப்படியே இருக்கு."

அப்பா துண்டுகளை ஒரு பேப்பரில் கொட்டினார். பெரும்பாலும் பொடி. ஒன்று மட்டும் பாதி நிலா போல இருந்தது.

"பாதிதான் இருக்கு. முழு வட்டம் எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

"வளையல் ஒடஞ்சா பாப்போம்ல" என்றாள் அபிநயா.

"எப்படி?"

"ஒடஞ்ச துண்டை ஒவ்வொரு வளையல் மேலயும் வச்சுப் பாக்குறது. எதோட சரியா ஒட்டிக்குதோ, அதான் அந்த சைஸு."

அவள் பையிலிருந்து காம்பஸை எடுத்தாள். நோட்டுத் தாளில் வட்டங்கள் போட்டாள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் பெரியது. ரப்பர் துண்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்தாள். சிலவற்றில் துண்டு கோட்டுக்கு வெளியே வந்தது. சிலவற்றில் கோடு துண்டுக்கு வெளியே தெரிந்தது. இரண்டு வட்டங்களில் மட்டும் ஏறக்குறைய ஒட்டியது.

"பென்சில் கோடு தடிமனா இருக்கு" என்றார் அப்பா. "ரெண்டுல எதுன்னு இதுல கண்டுபிடிக்க முடியாது. இரு."

அவர் லேத்தைப் போட்டார். அலுமினியத்தில் வளையங்கள் கடைந்தார். அந்த இரண்டு வட்டங்களுக்கும் நடுவில், மயிரிழை மயிரிழையாக அளவு கூட்டிக்கொண்டே போனார். ஒவ்வொரு வளையமும் வந்ததும் அபிநயா ரப்பர் துண்டை உள்ளே வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இடுக்குல வெளிச்சம் வருதுப்பா."

அடுத்தது.

"ஓரத்துல மட்டும் வருது."

அடுத்தது.

அபிநயா டார்ச்சை அப்படியும் இப்படியும் ஆட்டினாள்.

"வெளிச்சமே வரலப்பா."

அப்பா தானும் பார்த்தார். பிறகு சிலிண்டரின் துளையை அளந்து, இரண்டையும் ஒப்பிட்டார். "பழைய ரப்பர் காஞ்சு கொஞ்சம் சுருங்கியிருக்கும். அதையும் சேத்துக்கணும். இந்தத் தடவை மாதிரியை மட்டும் நம்பப் போறதில்ல."

புது அச்சைப் பார்த்ததும் மணிமொழி அக்கா கேட்டார். "இன்னொரு காரா அறிவரசா?"

"அதே காருதான்."

"அப்ப முன்னாடி செஞ்சது?"

அப்பா பதில் சொல்வதற்குள் அபிநயா முந்திக்கொண்டாள். "அது என்னால கெட்டுப் போச்சுக்கா."

முதல் தடவையாக அதை வாயால் சொன்னாள்.

அப்பா அண்ணாதுரைக்குப் போன் செய்தார். "இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடறேண்ணே" என்றார். அந்தப் பக்கமிருந்து "வாங்க தம்பி" என்று கேட்டது.

போனை வைத்ததும் அபிநயா சொன்னாள். "அங்க நான்தான் சொல்லுவேன்."

"வேணாம் பாப்பா. நான் சொல்லிக்கிறேன்."

"அன்னைக்கு எல்லாரும் இருந்தப்பதானே சிரிச்சாங்க? எல்லாரும் இருக்கும்போதே சொல்லணும்."

அப்பா அவளையே பார்த்தார். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை. அதே ஷெட். அதே டிரைவர்கள். டீ டம்ளர்கள்கூட அதேதான். இளையபெருமாள் கைகளைக் கட்டியிருந்தார்.

"இந்த வாட்டி நகருமா, நிக்குமா?" என்றார் ஒரு டிரைவர்.

"ரெண்டும் நடக்காது. பாத்துக்கிட்டே இரு" என்றார் இன்னொருவர்.

அபிநயா முன்னால் வந்தாள். தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்து போயின. காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"பெரியப்பா. போன வாரம் தப்பு பண்ணது எங்க அப்பா இல்ல. நான்தான். நீங்க குடுத்த ரப்பரை நான் டீசல்ல போட்டுட்டேன். ராத்திரி முழுக்கக் கெடந்துச்சு. அது ஊதிப் போச்சு. அப்பாவுக்குத் தெரியாது. ஊதினதைப் பாத்துத்தான் செஞ்சாங்க."

ஒரு டிரைவர் டீயை உறிஞ்சத் தூக்கிய டம்ளரை அப்படியே இறக்கினார்.

"இப்ப செஞ்சது உடைஞ்ச துண்டைப் பாத்து. அதுல டீசல் படல." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அவ்வளவுதான் பெரியப்பா."

அண்ணாதுரை அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடி ஆத்தி" என்றார் அண்ணாதுரை. "நான்ல டப்பாவைக் குடுக்குறப்ப சொல்லியிருக்கணும், டீசல் பக்கம் கொண்டு போகாதீங்கன்னு."

இளையபெருமாள் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். குழாயடிக்குப் போனார். சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். திரும்பி வந்து இரண்டு கைகளையும் அபிநயாவிடம் நீட்டினார்.

"மோந்து பாரு பாப்பா. டீசல் நாத்தம் இருக்கா?"

அபிநயா முகர்ந்தாள். "இல்ல மாமா. சோப்பு வாசனைதான்."

"அப்ப கப்பைக் குடு. நானும் மாட்டுறேன்." அப்பாவின் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நீங்க முன் சக்கரம் பாருங்க அறிவரசன். நான் பின் சக்கரம்."

கப்புகள் இந்தத் தடவை முரண்டு பிடிக்கவில்லை. லேசாக அழுத்தியதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. ஆயில் ஊற்றினார்கள். காற்றை எடுத்தார்கள்.

அப்பா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். "முதல்ல நான் ஓட்டிப் பாக்குறேண்ணே. எதுனா ஆனா எனக்கு ஆகட்டும்."

ஷெட்டுக்குள் ஒரு சுற்று. மெதுவாகத்தான். பிரேக்கை மிதித்தார். கார் நின்றது. காலை எடுத்தார். கார் நகர்ந்தது. மறுபடி மிதித்தார். நின்றது. இளையபெருமாள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பின்னால் குனிந்து கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு சொட்டுக்கூட இல்லை. அப்பா ஷெட்டின் நீளம் முழுக்க வேகமாக ஓட்டி ஒரு தடவை மிதித்தார். கார் 'கிறீச்' என்று நின்றது. டிரைவர்கள் கை தட்டினார்கள்.

அண்ணாதுரைக்குத் தாங்கவில்லை. "சாந்தா! ஏ சாந்தா! வந்து ஏறு!"

சாந்தா பட்டுப் புடவையோடு வந்தார். ஆனால் ஏறவில்லை. கார்க் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நிக்குதா?"

"நீயே பாத்தீல்ல? அருமையா நிக்குது!"

"நீங்க வாங்குன அன்னைக்கும் அருமையான வண்டின்னுதான் சொன்னீங்க."

"இளையபெருமாளைக் கேளு."

"அவரும் உங்க ஆளு."

சாந்தா சுற்றிலும் பார்த்தார். பார்வை அபிநயாவிடம் வந்து நின்றது.

"இந்தப் பொண்ணு சொல்லட்டும்" என்றார். "பாப்பா, இங்க வா. நான் இதுல ஏறலாமா? நிக்குமா?"

எல்லோரும் அபிநயாவைப் பார்த்தார்கள். அவள் காரைச் சுற்றி வந்தாள். நான்கு சக்கரத்தின் அடியிலும் குனிந்து பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. சீட்டில் ஏறி உட்கார்ந்து, தானே ஒரு காலால் பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. காலை எடுத்ததும் மேலே வந்தது.

"நிக்கும் பெரியம்மா" என்றாள். "ஏறுங்க."

சாந்தா ஏறி உட்கார்ந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அப்ப எடுங்க, எங்க அண்ணன் வூட்டுக்கு."

அண்ணாதுரை ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடித்தார். பச்சைக் கார் லாரிகளுக்கு நடுவில் புகுந்து, வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கியது. அப்பாவும் அபிநயாவும் வாசல் வரை ஓடினார்கள். அப்பாவின் கை அவள் தோளில் இருந்தது.

திடீரென்று எதிர் வீட்டுச் சந்திலிருந்து ஒரு ஆடு தெருவுக்குள் பாய்ந்தது. அது நடுத்தெருவில் நின்று, காரைப் பார்த்தது.

அபிநயா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காரின் பின்னால் சின்னச் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன.

கார் நின்றது. ஆடு நிதானமாக, வாயில் இருந்ததை மென்றுகொண்டே, தெருவைக் கடந்து போனது.